பொட்டு வெச்ச தூக்குவாளி

உக்காருங்க மேடம். இப்படிச் செவுத்துப் பக்கமா உக்காருங்க, நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துக்கிறேன். போறவன் வர்றவனுக்கு உங்க மூஞ்சி தெரிஞ்சா ஒன்னும் இல்ல, நீங்க சாயங்காலம் மெட்ராஸ் பஸ் ஏறிப் போயிருவீங்க. நான் இங்கதானே குப்பை கொட்டணும்.

"வீட்டுக்கே வந்து பேசிட்டுப் போறோம்மா"ன்னு போன்ல சொன்னீங்க பாருங்க, போனை அப்படியே முந்தானைக்குள்ள பொத்திக்கிட்டேன். ஆத்தி! உங்க ஆளுகளுக்கு இன்னுமா வீடு தேடி வர்ற ஆசை விடல? அதான் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்கு வாங்கன்னேன். கோவிச்சுக்காதீங்க.

இந்தாங்க சாத்துக்குடி. நானே போய் எடுத்தாந்துட்டேன், அந்த அண்ணாச்சி கூப்பிட்டா அசைய மாட்டாரு. குடிங்க.

ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன். எங்க கிட்டங்கித் தெரு ஆளுக யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா நான் டக்குனு உளுந்து விலை பேச ஆரம்பிச்சிருவேன். நீங்களும் பேசணும். நீங்க உளுந்துக் கம்பெனி ஆளு, நான் மாவு யாவாரி முத்துப்பேச்சி. சரிதானே? படிச்சவங்க, சமாளிச்சுக்குவீங்க.

என்ன கேட்டீங்க? "'வாசலுக்கே வாழ்வு' திட்டத்தால நீங்க பயன் அடைஞ்சீங்களா?" அடைஞ்சேன் மேடம். நல்லா அடைஞ்சேன். நான் குறை சொல்லல. நல்ல மனசோடதான் செஞ்சாங்க. அந்த நல்ல மனசுக்குத்தான் நான் இன்னும் பயந்துக்கிட்டு இருக்கேன்.

முதல்ல என் கதையைக் கேளுங்க, அப்புறம் உங்க கேள்வியை. எங்க வீட்டுக்காரரு போர்வெல் வண்டியில வேலை பாத்தாரு. ஆந்திரா, ஒடிசான்னு ஊர் ஊராப் போய்ப் பூமியில ஓட்டை போட்டுட்டு, திரும்பி வரும்போது இந்தச் சீக்கையும் சேத்துக் கொண்டாந்தாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. தெருவுக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னேன், நம்பிட்டாங்க. எனக்கு டெஸ்ட் எடுத்தாங்க, இருந்துச்சு. எம் மகளுக்கு எடுத்தாங்க, இல்ல. அன்னிக்கு நான் சாமி கும்பிட்டது மாதிரி அதுக்கப்புறம் கும்பிட்டதே இல்ல.

பெரியாஸ்பத்திரியில இந்தச் சீக்குக்குன்னே இருக்குற சென்டர்ல ஹெலன் மேடம்னு ஆலோசகர் இருக்காங்க. தங்கமான மனுசி. "ஒரு நாள் கூட விடாம மாத்திரை போடுங்க, பேரன் பேத்தி பாக்கலாம்"னாங்க. போட்டேன். மாசாமாசம் உளுந்து வாங்கப் போறேன்னு தெருவுல சொல்லிட்டு டவுன் பஸ் ஏறுவேன். சென்டருக்குப் பக்கத்துச் சந்துல நின்னு முந்தானையை மூஞ்சியோட சேத்துச் சுத்திக்குவேன். உள்ள போனா எல்லாருமே அப்படித்தான் சுத்தியிருப்பாங்க. மாத்திரையை வாங்கி உளுந்து மூட்டைக்குள்ள சொருகிக்கிட்டு வந்துருவேன். ஒரு பயலுக்குத் தெரியாது. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஏன் இம்புட்டு மறைச்சேங்கிறீங்களா? மேடம், கிட்டங்கித் தெருவுல காலையில வேகுற இட்லியில முக்காவாசி என் கிரைண்டர்ல ஆட்டுன மாவு. அந்த மாவுலதான் எம் மக காலேஜ் போறா. எனக்கு இருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே கிரைண்டரை நிப்பாட்டிர வேண்டியதுதான். இட்லியால பரவாதுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எதுத்த வீட்டுத் தமயந்தி டீச்சருக்குக் கூடத் தெரியும், அது பள்ளிக்கூடத்துல இந்தப் பாடத்தையே நடத்துற ஆளு. கை குடுத்தாப் பரவாது, சேந்து சாப்பிட்டாப் பரவாதுன்னு பிள்ளைகளைக் கத்தவிட்டு மனப்பாடம் பண்ண வைக்கும். அந்த டீச்சரே என்னைய மாதிரி ஒருத்திகிட்ட மாவு வாங்குமா? கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேக்காதீங்க!

குடிங்க மேடம், ஐஸ் கரையுது.

இந்திராணியைப் பத்திச் சொல்லணும். அவ இல்லாம இந்தக் கதை இல்ல. எனக்குப் பக்கத்துப் போர்ஷன். ஒரே காம்பவுண்டு, ஒரே கதவு நம்பர், பதினாலு. நடுவுல ஒரு செவுரு. அவ ஒரு காலத்துல ஆடல் பாடல் குழுவுல ஆடுனவ. இப்ப வயசாயிப்போச்சு, ஆடுற பிள்ளைகளுக்கு மேக்கப் போட்டுவிடுறா. புருசன் கிடையாது. திருவிழா சீசன்ல கண்ட நேரத்துல ஆட்டோவுல வந்து எறங்குவா. உதட்டுச் சாயம் அழியாம வருவா. நான் ஒன்னும் சொல்லல, தெரு சொல்லும். தெரு சொல்றப்ப நான் என்ன காதைப் பொத்திக்கவா முடியும்?

அவளும் என்கிட்டதான் மாவு வாங்குவா. எல்லாரும் அவங்கவங்க பாத்திரம் கொண்டாருவாங்க, என் கரண்டி எல்லாப் பாத்திரத்துலயும் படும். அவ பாத்திரத்துல பட்ட கரண்டி மத்தவங்க பாத்திரத்துல படுறது நல்லாவா இருக்கும்? யாவாரம் பாருங்க. அதனால என் பழைய தூக்குவாளி ஒன்னை அவளுக்குன்னே ஒதுக்கி வெச்சிருந்தேன். அதுக்குன்னு ஒரு தனிக் கரண்டி. அவ கழுவிக் கொண்டாந்து வாசப்படியில வைப்பா, நான் உசரத்துல இருந்து ஊத்துவேன். அவளுக்குப் புரிஞ்சுச்சோ என்னவோ, ஒரு நாள் தூக்குவாளி மூடியில நெயில் பாலிஷ்ல செவப்பா ஒரு பொட்டு வெச்சுக் கொண்டாந்தா. "மாறிப்போயிரக் கூடாதுல்ல அக்கா"ன்னு சிரிச்சா. அவளுக்கு எல்லாத்துலயும் ஒரு இஷ்டைல்.

இல்ல இல்ல, நான் யாரையும் ஒதுக்குனதே கிடையாது மேடம். அதை நல்லாக் குறிச்சுக்கோங்க. தனிக் கரண்டி வேற, ஒதுக்குறது வேற.

இப்ப உங்க திட்டத்துக்கு வர்றேன். சென்டருக்கு வராம நிறையப் பேரு மாத்திரையைப் பாதியில விட்டுர்றாங்கன்னு மாவட்டத்துல பெரிய மீட்டிங்கு போட்டாங்களாம். ஏன் வரலன்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா மீட்டிங்கு சீக்கிரம் முடிஞ்சிரும்ல? வரலன்னா நாமளே போவோம்னு முடிவு பண்ணிட்டாங்க. விழிப்புணர்வுக்கு ஒரு வேன், மாத்திரை குடுக்க ஒரு வேன்னு மேல எழுதிக் கேட்டிருக்காங்க. ஒரு வேன்தான் வந்துச்சு. அங்கதான் பெரிய ஆபீசரோட மூளை வேலை செஞ்சிருக்கு. ரெண்டையும் ஒரே வேன்ல முடிச்சிருவோம்னுட்டாரு.

யோசிச்சுப் பாருங்க மேடம். மைக் செட்டையும் ரகசியத்தையும் ஒரே வண்டியில ஏத்தி அனுப்புறதுக்கு ஒரு தனி மூளை வேணும்ல? நமக்கெல்லாம் வருமா அது?

ஹெலன் மேடம் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. யாரு கேக்குறா? கடைசியில அவங்க பேச்சுல ஒன்னே ஒன்னை மட்டும் ஒத்துக்கிட்டாங்களாம்: பேரைச் சொல்லக் கூடாது, கதவு நம்பரை மட்டும்தான் சொல்லணும். ஆள் இல்லன்னா பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்துரணும். கேஸ் சிலிண்டரு குடுக்குற மாதிரி.

ஒரு நாள் காலையில, மாவு யாவாரம் முடிஞ்சு நான் கிரைண்டர் கழுவிக்கிட்டு இருக்கேன். தெரு முனையில பாட்டுச் சத்தம். "பயம் எதற்கு, பாதுகாப்பு இருக்கு"ன்னு ஒரு பொம்பளை உருகி உருகிப் பாடுது. கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவா வருது வேனு. உச்சியில ரெண்டு குழாய். உடம்பு பூரா செவப்பு ரிப்பன் படம். ஒரு பக்கம் "எய்ட்ஸ் நோயாளிகளை அரவணைப்போம்". இன்னொரு பக்கம், சத்தியமா நான் கண்ணால பாத்தேன், கொட்டை எழுத்துல "உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு". தெருவே வாசலுக்கு வந்துருச்சு.

உள்ள போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் இடுக்குல கண்ணை வெச்சுக்கிட்டு நின்னேன். போயிரு, போயிரு, போயிருன்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். சரியா என் வாசல்ல வந்து நின்னுச்சு. பாட்டை நிப்பாட்டலையே! தொப்பி போட்ட ஆளு ஒருத்தரு எறங்குனாரு, கையில பொட்டலம். கதவைத் தட்டுறாரு. நான் தொறக்கல.

டீச்சர் எதுத்த வாசல்ல இருந்தே கேக்குது, "யாருக்குங்க மருந்து?"

அந்த ஆளு ரொம்ப நேர்மை. "அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா, ரகசியம். பதினாலாம் நம்பர் வீடு"ங்கிறாரு.

சிரிக்காதீங்க மேடம். சரி, சிரிங்க. அன்னிக்கு எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. கிரைண்டர் போச்சு, மக படிப்பு போச்சு, இந்த ஊரே போச்சுன்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

அப்பத்தான் இந்திராணி தலையில ஈரத் துண்டோட வெளிய வந்தா. அந்த ஆளு "நீங்கதானேம்மா பதினாலு?"ன்னாரு. அவ வேனைப் பாத்தா. சாத்தியிருந்த என் கதவைப் பாத்தா. பகல்ல நான் கதவைச் சாத்துனதே கிடையாது மேடம். அப்புறம் ஜன்னலைப் பாத்தா. நான் இருக்கிறது தெரிஞ்சுச்சோ, தெரியலையோ. கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கிட்டா.

"உனக்கா?"ன்னு டீச்சர் கேட்டுச்சு.

"ஆமா, எனக்குத்தான். என்னைப் பத்தி நீங்க பேசாதது இது ஒன்னுதான் பாக்கி இருந்துச்சு, இனிமே இதையும் பேசிக்கோங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அவளுக்கென்ன மேடம், ஏற்கனவே இருக்குற கெட்ட பேரு. அதோட இன்னொன்னு சேந்தா என்ன குறைஞ்சிரப் போகுது? எனக்கு அப்படியா?

அவளுக்கு இருந்துச்சான்னு கேக்குறீங்களா? எங்க இருந்துச்சு! ஆடல் பாடல் ஆளுகளுக்கெல்லாம் வருசா வருசம் முகாம் போட்டு டெஸ்ட் எடுக்குறாங்க, அவளே சொல்லியிருக்கா. கல்லு மாதிரி இருந்தா. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. ஒழுக்கமா இருந்த எனக்கு இருக்கு, அவளுக்கு இல்ல. எனக்கு வந்தது தாலி கட்டுனவரு குடுத்தது மேடம், அதை நீங்க குறிச்சுக்கணும். நாங்க அந்த மாதிரி இல்ல.

ஐயோ, பின்னாடி யாரோ... இந்த வருசம் பர்மா உளுந்துல பொங்குற தன்மையே இல்லைங்க மேடம், நாட்டு உளுந்துதான் எனக்குக் கட்டுப்படியாகும்... போயிட்டாங்களா? நம்ம தெரு ஆளு இல்லையா? சரி. நீங்க நல்லாத் தலையாட்டுறீங்க.

அடுத்த நாள் காலையில வாசல்ல மாவுக்குக் கூட்டம். பேச்சு பூரா அவளைப் பத்தித்தான். டீச்சர் என் தோளைத் தொட்டு, "நல்ல வேளை முத்துப்பேச்சி, நீ அப்பவே அவளுக்குத் தனித் தூக்குவாளி வெச்சிருந்த. உனக்கு முன்யோசனை ஜாஸ்தி"ன்னுச்சு. எல்லாரும் ஆமான்னாங்க. அன்னிக்குப் புதுசா வேற ஆளுக மாவு வாங்குனாங்க.

அந்த நேரம் பாத்து இந்திராணி வர்றா, கையில அந்தத் தூக்குவாளியோட. மூடி போட்டிருக்கு. எல்லாரும் வெலகிட்டாங்க. நான் மட்டும் எப்படி வெலகாம நிப்பேன்? "உனக்கு இனிமே மாவு கிடையாது, போ"ன்னேன்.

அவ மெதுவா, "மாவு வேண்டாம்க்கா. தூக்குவாளியை மட்டும் வாங்கிக்கோங்க, உங்களோடதுதானே"ன்னா.

"தொட மாட்டேன், எடுத்துட்டுப் போ"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். நான் மெல்லமாச் சொன்னா நாலு பேருக்குச் சந்தேகம் வராதா? மறுநாளும் அதே மாதிரி கொண்டாந்து நீட்டுனா. அதுக்கு மறுநாளும். நானும் அதே மாதிரி வெரட்டுனேன். என்னடா இது, இவளுக்கு மானம் ரோசம் இல்லையா, இத்தனை பேரு முன்னாடி திரும்பத் திரும்ப வந்து நிக்கிறாளேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

இதுக்கு நடுவுல எனக்கு மாத்திரை தீந்துபோச்சு மேடம். அந்தப் பொட்டலத்தை இந்திராணி என்ன செஞ்சாளோ, சாக்கடையில வீசிட்டாளோன்னு நெனைச்சுக்கிட்டேன். அவ வீட்டுக்குப் போய்க் கேக்க முடியுமா? தெருவே அவ வாசலைத்தானே பாத்துக்கிட்டு இருக்கு. சென்டருக்கு ஓடுனேன். அங்க புதுசா இருந்தவரு கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, "உங்களுக்குக் குடுத்தாச்சும்மா"ங்கிறாரு. என் கைக்கு வரலைங்கன்னேன். "வந்துருச்சுன்னு காட்டுதே"ங்கிறாரு. நான் உசுரோட முன்னாடி நிக்கிறேன், அவரு கம்ப்யூட்டரைத்தான் நம்புறாரு. ஹெலன் மேடம் எங்கன்னேன். ட்ரெயினிங்காம். என்ன ட்ரெயினிங்னு கேட்டேன். நோயாளிகளோட ரகசியம் காக்குறது எப்படிங்கிறதுக்காம்.

நான் குறை சொல்லல. அந்த மாசம் எங்க பகுதியில ஒரு ஆள் விடாம மாத்திரை போய்ச் சேந்துச்சுன்னு பெரிய ஆபீசருக்குக் கேடயம் குடுத்தாங்களாம். குடுக்கட்டும். எனக்குத்தான் ராத்திரி படுத்தா மாத்திரை நெனப்பு. ஒரு நாள் கூட விடக் கூடாதுன்னு சொன்னாங்களே, விட்டுட்டேனே, எம் மகளை அநாதையா விட்டுட்டுப் போயிருவேனோன்னு தலகாணியைக் கடிச்சுக்கிட்டு அழுவேன். காலையில எந்திரிச்சு மாவு ஊத்துவேன்.

அந்த வாரமே தெரு ஆளுக எல்லாம் சேந்து ஹவுஸ் ஓனரைப் பாக்கப் போனோம். பிள்ளை குட்டிக இருக்குற இடம், அவளைக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு கேக்குறதுக்கு. நானும் போனேன். போகாம இருக்க முடியுமா, பக்கத்து வீடு நான். ஓனர் என்னைப் பாத்துத்தான் கேட்டாரு, "ஒரே காம்பவுண்டுல இருக்குறது நீங்க. நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்குத் தொந்தரவா?"ன்னு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்குறாங்க. "ஆமாங்க, ஒரே பாத்ரூம், எனக்கு அருவருப்பா இருக்கு"ன்னேன்.

இந்திராணி அங்கதான் நின்னா. என்னைப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் மேடம் எனக்குப் பிடிக்கல. நாலு வார்த்தை திட்டியிருந்தாக் கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன்ல? அப்படி ஒரு அழுத்தக்காரி.

காலி பண்ணிட்டுப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அத்தனை வருசம் பக்கத்துல இருந்திருக்கேன், போறேன்க்கான்னு சொன்னா வாய் முத்தா உதுந்துரும்? எங்க போனான்னு தெரியாது. போன் நம்பர் இருக்கு. அடிக்கல. அடிச்சு என்னன்னு கேக்க?

அவ போன அன்னிக்குத் தண்ணி பிடிக்கக் கொல்லைப்புறம் போனேன். குழாய்ல அந்தத் தூக்குவாளி தொங்குது. நல்லாப் புளி போட்டு வெளக்கி, பளபளன்னு. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு சொல்வாங்கல்ல? சக்கரையோ அரிசியோ போட்டிருப்பான்னு மூடியைத் திறந்தேன்.

மாத்திரை. என் ஒரு மாசத்து மாத்திரை. பொட்டலம் பிரிக்காம அப்படியே இருந்துச்சு.

ஆமா மேடம். தினம் தினம் கொண்டாந்து நீட்டுனாளே, அப்பவும் அதுக்குள்ளதான் இருந்திருக்கு. நான்தான் தொடலையே.

அழுதேன். கொல்லையிலயே உக்காந்து அழுதேன். ஏன்னு கேக்காதீங்க. கோவத்துலதான். அன்னிக்கே காதோட காதா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேன்ல? எனக்கு எப்படித் தெரியும்? இவங்க எல்லாருமே இப்படித்தான், நமக்கு நல்லது பண்றேன்னு நம்மகிட்ட ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அவளும் உங்க ஆபீசர் மாதிரிதான்.

வேனா? அது அப்புறம் வரல. எந்தத் தெருவுக்குப் போனாலும் அவங்க தேடுற நம்பர் வீடு பூட்டித்தான் கிடந்துச்சாம். இப்ப மறுபடியும் உளுந்து வாங்கப் போறேன். கேடயம் வாங்குன அந்தத் திட்டத்தையே இனி நாலு மாவட்டத்துல நடத்தப் போறாங்க, அதுக்குத்தான் நீங்க கணக்கெடுக்க வந்திருக்கீங்க, அதானே?

சரி, கேளுங்க மிச்சத்தை. பாகுபாடு காட்டுனாங்களான்னா? என் மேலயா? யாரும் காட்டலையே. எங்க தெருவுல என்னைத் தங்கமா வெச்சிருக்காங்க. இல்லைன்னே போட்டுக்கோங்க.

இன்னும் ஒரு கேள்வியா? மாத்திரையை மத்தவங்க கை படாம பத்திரமா வெச்சிருக்கேனான்னா? இது நல்ல கேள்வி. இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும் நீங்க.

அந்தத் தூக்குவாளியிலதான் வெச்சிருக்கேன். ஒளிச்செல்லாம் வைக்கல, அடுப்படியில நடு அலமாரியில, எல்லாரும் பாக்குற மாதிரி. மூடியில அந்தப் பொட்டு இருக்குல்ல? டீச்சர் உள்ள வந்தாக்கூட அந்தப் பக்கம் முந்தானை படாம ஒதுங்கித்தான் நிக்கும். "அவ வாளியை இன்னுமா வெச்சிருக்க, தூக்கிப் போடேன்"ங்கும். போடுறேன் டீச்சர்னு சொல்வேன். எம் மக தொட மாட்டா, விருந்தாளி தொட மாட்டாங்க, திருடன் வந்தாலும் தெருவுல கேட்டுட்டுத் தொடாமப் போயிருவான். அதைவிடப் பத்திரமான இடத்தை உங்க திட்டத்தால குடுக்க முடியுமா? மேல போய்க் கேட்டுச் சொல்லுங்க.

உங்க பஸ் வந்துருச்சு பாருங்க. என்ன, ஜூஸ் அப்படியே இருக்கு? ஐஸெல்லாம் கரைஞ்சு தண்ணியாப் போச்சு. சுகரா? இந்த வயசுலயா? சரி, இருக்கும்.

ரெண்டு மடக்காவது குடிச்சிட்டுப் போங்க மேடம். நான் டம்ளரோட வெளிப்பக்கத்தைத்தான் தொட்டேன்.